பழைய அட்வெஞ்சர் பைக்: எந்த வண்டி எங்கே காலை வாரும்?

செகண்ட் ஹேண்டில் அட்வெஞ்சர் பைக் தேடுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "இந்த மாடல் நம்பி வாங்கலாமா?" என்றுதான். இதற்குப் பதில் தேடி நாலு நாள் இணையத்தில் உட்கார்ந்தால், உலகத்தில் உள்ள அத்தனை வண்டியும் குப்பை என்று முடிவுக்கு வந்துவிடுவோம். பிஎம்டபிள்யூ ஜிஎஸ் என்றால் ஃபைனல் டிரைவ் (பின்சக்கரத்தைச் சுழற்றும் கியர் பெட்டி) போகும், கேடிஎம் என்றால் வாட்டர் பம்ப், பிஎம்டபிள்யூ எஃப் 800 என்றால் ஸ்டேட்டர் (மின்சாரம் தயாரிக்கும் சுருள்), கவாசாகி கேஎல்ஆர் என்றால் பேலன்சர் (இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் பாகம்). பிரச்சினை வந்தவர் பக்கம் பக்கமாக எழுதுவார். லட்சம் கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஓட்டியவருக்கு எழுத என்ன இருக்கிறது? அதனால் புகார்களின் எண்ணிக்கையை வைத்து ஒரு மாடலை எடைபோடக் கூடாது. ஒரே பாகம், ஒரே மாதிரி, ஏறக்குறைய ஒரே ஓட்டத்தில் பலருக்கும் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் அது அந்த மாடலின் பலவீனம். மற்றதெல்லாம் பராமரிப்பும் வயதும்.

பலவீனம் தெரிந்தபின் இன்னும் இரண்டைக் கேட்க வேண்டும். நம் முன்னால் நிற்கிற இந்த வண்டியில் அது சரிசெய்யப்பட்டதா, அதற்குப் பில் இருக்கிறதா? அது போனால் நடுவழியில் நிற்க வைக்குமா, கையை மட்டும் கடிக்குமா? ஃபோர்க் ஆயில் சீல் கசிந்தால் துடைத்துத் துடைத்து வீடு வந்து சேரலாம். ஸ்டேட்டர் எரிந்தால் பேட்டரி உள்ளவரைதான் பயணம். பின்சக்கரத்து பேரிங் உடைந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த மூன்றையும் "ரிலையபிலிட்டி" என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால்தான் தேவையில்லாத பயமும், தேவையான இடத்தில் அலட்சியமும் வருகிறது.

ஜிஎஸ்: கவலை எல்லாம் பின்பக்கம்

பழைய வண்டிச் சந்தையில் அதிகம் கண்ணில் படுவது பிஎம்டபிள்யூ ஆர் 1200 ஜிஎஸ். 2004 முதல் 2012 வரை வந்தவை காற்றாலும் ஆயிலாலும் குளிர்பவை. 2013 முதல் வந்தவற்றில் கூலண்ட் உண்டு. பழைய தலைமுறையின் இன்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வால்வு கிளியரன்ஸ் (வால்வின் இடைவெளி) 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். சிலிண்டர் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதால் டாங்க் கழட்டாமலே முடித்துவிடலாம்.

ஃபைனல் டிரைவில்தான் கண் இருக்க வேண்டும். உள்ளே கிரவுன் வீலை (பெரிய பல்சக்கரத்தை) தாங்கும் பெரிய பேரிங் சில வண்டிகளில் சிதைந்துபோகிறது. தொடக்க கால வண்டிகளுக்கு இந்தப் பகுதியின் ஆயிலை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சொல்லி, வடிக்கும் போல்ட் கூட இல்லாமல் விற்றார்கள். பிறகு அந்தப் பேச்சை மாற்றிக்கொண்டு, ஆயில் மாற்றுவதை சர்வீஸ் அட்டவணையில் சேர்த்தார்கள். மாற்றுவதற்கு வேண்டியது சுமார் 180 மி.லி. கியர் ஆயில்தான். இதைக்கூட மாற்றாத ஆள் வேறு எதையும் மாற்றியிருக்க மாட்டார் என்பது என் கணக்கு.

சோதிப்பது எளிது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரத்தின் மேல்பக்கம் ஒரு கை, கீழ்ப்பக்கம் ஒரு கை வைத்து மாற்றி மாற்றித் தள்ளிப் பாருங்கள். 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் விடைபெறத் தொடங்கிவிட்டது. சக்கரத்துக்கும் டிரைவுக்கும் நடுவே உள்ள பெரிய சீலைச் சுற்றி ஆயில் ஈரம் இருந்தாலும் அதே அர்த்தம்தான். வடிக்கும் போல்ட் உள்ள வண்டி என்றால், விற்பவர் சம்மதித்தால் டிரைவ் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். வடிக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிற மசி ஒட்டியிருப்பது இயல்பு. விரல் நுனியில் உரசும் செதில்கள் வந்தால் வண்டியை விட்டுவிட்டு நடையைக் கட்டலாம்.

பின்சக்கரத்தைப் பொருத்தும் அலுமினிய ஃபிளாஞ்ச் இன்னொரு விஷயம். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் விரிசல் விடும். இதற்காக பிஎம்டபிள்யூ 2015-ல் வண்டிகளைத் திரும்ப அழைத்து, ஸ்டீல் ஃபிளாஞ்ச் மாற்றிக் கொடுத்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் எந்த அதிகாரபூர்வ சர்வீஸ் மையமும் அந்த வேலை முடிந்ததா என்று சொல்லிவிடும்.

இவை தவிர இரண்டு மின்சாரத் தொல்லைகள். பெட்ரோல் அளவைக் காட்டும் பட்டை சென்சார் அடிக்கடி செத்துப்போகும். அது வெறும் எரிச்சல். டிரிப் மீட்டரைப் பார்த்து ஓட்டிக்கொள்ளலாம். டாங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் ஃப்யூவல் பம்ப் கன்ட்ரோலர் அப்படி இல்லை. அதைச் சுற்றித் தண்ணீர் தேங்கி, உறை விரிசல் விட்டு, ஒருநாள் இன்ஜின் அப்படியே அணைந்துவிடும். கன்ட்ரோலரைத் தாண்டி பம்புக்கு நேரடி மின்சாரம் கொடுக்கும் சின்ன பைபாஸ் வயர் கிடைக்கிறது. டூல் கிட்டில் அது கிடப்பதைப் பார்த்தால், விற்பவர் விஷயம் தெரிந்தவர் என்று சந்தோஷப்படலாம்.

2013-க்குப் பிந்தைய ஜிஎஸ்ஸில் வேறு பட்டியல். 2017-ல் முன் ஃபோர்க் குழாய்களுக்காக ஒரு சர்வீஸ் நடவடிக்கை வந்தது. பலத்த அடி வாங்கிய வண்டிகளில் குழாயின் மேல் முனையில் உள்ள அடைப்பு தளர வாய்ப்பு இருந்தது. டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறைக்குள் தண்ணீர் புகுந்து, யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடிக்கும். இதனால் டிரைவ் ஷாஃப்டை 60,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய பாகமாகவே பிஎம்டபிள்யூ பின்னாளில் அறிவித்தது. 55,000 ஓடிய வண்டி விற்பனைக்கு வந்தால் இதை முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

நடுத்தர எஃப் 800 ஜிஎஸ் 2008 முதல் 2018 வரை வந்தது. இதன் தொடக்க வருட வண்டிகளில் ஸ்டேட்டர் சூடு தாங்காமல் எரியும். பிறகு ரோட்டரில் (ஸ்டேட்டரைச் சுற்றி ஓடும் காந்தத்தில்) ஆயில் பாய வழி செய்து மாற்றினார்கள். ஹேண்டில் திரும்பும் கோன் செட் பேரிங்கும் சீக்கிரம் தேயும், ஆனால் அது கையில் தெரியும், எச்சரிக்கும். ஸ்டேட்டர் எச்சரிக்காது.

கேடிஎம்: ஓட்ட ஆசை, பார்க்கப் பொறுமை

950, 990 அட்வெஞ்சர் இரண்டும் இன்றைக்கும் மண்பாதையில் ஓட்ட அலாதியானவை. 950-ல் கார்புரேட்டர், 990-ல் இன்ஜெக்ஷன். இரண்டிலும் வாட்டர் பம்ப் ஷாஃப்டும் சீலும் தேயும். தேய்ந்தால் கூலண்ட் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் தெரிந்தால் அதுதான். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரும் (லீவரின் ஆயில் அழுத்தத்தை வாங்கி கிளட்சைத் தள்ளும் பாகம்) கசியும்; லீவர் பஞ்சுபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த கிளட்சுக்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயிலை ஊற்றி சீலைக் கெடுத்த வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. 950-ல் ஃப்யூவல் பம்பின் பாயின்ட் கருகும். 990-ல் டாங்குக்குள் இருக்கும் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். எல்லாமே தெரிந்த வியாதி, தெரிந்த மருந்து. வாட்டர் பம்ப் கிட் போட்ட பில்லும், ஸ்லேவ் சிலிண்டர் மாற்றிய பில்லும் இருந்தால் 60,000 ஓடிய 990-ஐ நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். எதுவுமே இல்லாத 20,000 கிலோமீட்டர் 990-ஐப் பரிந்துரைக்க மாட்டேன்.

1190 அட்வெஞ்சரில் பம்பை விட ஏர் ஃபில்டர் பெட்டிதான் கவலை. ஃபில்டர் உட்காரும் விளிம்பு சரியாக அடைத்துக்கொள்ளாமல், பக்கவாட்டில் நுண்தூசி உள்ளே போகிறது. தார்ச்சாலையிலேயே ஓடிய வண்டிக்கு இது ஒன்றும் செய்யாது. கூட்டமாக மண்பாதையில், முன்னால் போகிறவரின் புழுதிக்குள்ளேயே ஓடிய வண்டிக்கு சிலிண்டர் தேய்ந்திருக்கும். 790, 890 இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட் தேய்வதாகப் புகார்கள் நிறைய. வால்வு கவரைக் கழட்டினால் கேம் மேட்டில் குழியும் கோடும் கண்ணாலேயே தெரியும். எனவே வால்வு செக்கிங் முடிந்த வண்டியாக, முடிந்தால் கேமின் படத்தோடு கேளுங்கள்.

கேடிஎம் நிறுவனம் 2024 நவம்பரில் திவால் நடைமுறைக்குள் போனதால் உதிரிபாகம் பற்றிய பயமும் சேர்ந்துகொண்டது. ஃபில்டர், பேட், பேரிங் எல்லாம் வெளிக் கம்பெனிகள் தாராளமாகச் செய்கின்றன. ஈசியூ (இன்ஜினின் கணினி), டிஸ்ப்ளே, ஏபிஎஸ் யூனிட் போன்றவற்றுக்குத்தான் கம்பெனியை நம்ப வேண்டும். அந்த மூன்றும் வேலை செய்கிற வண்டியாக வாங்கினால் போதும்.

ஜப்பான் வண்டிகளும் மற்றவையும்

சுஸுகி வி-ஸ்ட்ராம் 650-ஐப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுதான் அதன் பெருமை. முன் சிலிண்டரின் பிளக் குழியில் தண்ணீர் தேங்கி மழையில் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு ஓடும். வடிகால் துளையைச் சுத்தம் செய்து, பிளக் மூடியில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் தடவினால் தீர்ந்தது. ஆயில் ஃபில்டர் முன்சக்கரத்துக்கு நேர் பின்னால் திறந்து கிடக்கிறது. முன் மட்கார்டை நீட்டும் எக்ஸ்டென்டரும் என்ஜின் கார்டும் இல்லாமல் கல் பாதையில் ஓடிய வண்டி என்றால் அங்கே குனிந்து பாருங்கள். 2002 முதல் 2012 வரை வந்த பெரிய வி-ஸ்ட்ராம் 1000-ல் குறைந்த ஆர்பிஎம்மில் கிளட்ச் அதிர்வு ஒன்று உண்டு. கிளட்ச் தட்டுகள் உட்காரும் கூடான கிளட்ச் பாஸ்கெட்தான் காரணம், ஓட்டிப் பார்த்தாலே தெரியும்.

ஹோண்டா ஆப்ரிக்கா ட்வின் 1000, 2016-ல் வந்தபோது ஸ்போக்குகள் துருப்பிடித்துப் பெயர் கெட்டது. பலருக்கு வாரன்டியில் சக்கரமே மாற்றிக் கொடுத்தார்கள். இன்ஜின், டிசிடி (தானாக கியர் மாற்றும் பெட்டி) இரண்டிலும் பெரிய பலவீனம் என்று ஒன்று நிலைபெறவில்லை. ட்யூப் டயர் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்: பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழட்ட வேண்டும். பழைய எக்ஸ்ஆர்வி 750 தேடுகிறவர்கள் ஃப்யூவல் பம்ப் பாயின்ட், ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பாகம்) இரண்டையும் மாற்றியாயிற்றா என்று கேட்டால் போதும். மற்றபடி அது இரும்புக் குதிரை.

யமஹா டெனேரே 700-ன் வால்வு செக்கிங் சுமார் 40,000 கிலோமீட்டரில்தான். சூப்பர் டெனேரே 1200-ம் அப்படித்தான். அதன் ஷாஃப்ட் டிரைவைப் பற்றி ஜிஎஸ்காரர்கள் பொறாமைப்படலாம். கனம் தாங்குவீர்கள் என்றால், ஆள் நடமாட்டமில்லாத ஊர்களுக்குப் போக இந்தப் பட்டியலிலேயே என் முதல் தேர்வு அந்த 1200-தான்.

ஒற்றை சிலிண்டரில் கவாசாகி கேஎல்ஆர் 650-க்கு ஒரு பிரபல வியாதி. பேலன்சர் செயினை இறுக்கிப் பிடிக்கும் சின்ன லீவரும் அதன் ஸ்பிரிங்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் செயின் தொளதொளவென்று ஆடும். லீவர் உடைந்தால் துண்டுகள் இன்ஜினுக்குள் விழும். 2008-ல் லீவரைத் திருத்தினார்கள், ஸ்பிரிங் கதை முழுதாகத் தீரவில்லை. வெளிக் கம்பெனியின் பலமான லீவரும் முறுக்கு ஸ்பிரிங்கும் போட்ட வண்டியைத் தேடுங்கள். 2008, 2009 மாடல்கள் ஆயில் குடிப்பதற்கும் பேர் போனவை. அளவு பார்க்காமல் நெடுஞ்சாலையில் விரட்டினால் இன்ஜின் போய்விடும். சுஸுகி டிஆர் 650-ல் நியூட்ரல் சென்சாரின் இரண்டு ஸ்க்ரூக்கள் கழன்று கியர் பெட்டிக்குள் விழக்கூடும். கிளட்ச் பாஸ்கெட்டைக் கழட்டி, ஸ்க்ரூவை லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) போட்டோ கம்பி கட்டியோ பூட்டினால் அதோடு முடிந்தது.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ல் 2016, 2017 கார்புரேட்டர் வண்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். தரம் பின்னால் வந்த இன்ஜெக்ஷன் வண்டிகளில்தான் நிலைக்கு வந்தது. கோன் செட் சீக்கிரம் தேயும். 2021-ன் முதல் மாதங்களில் தயாரானவை இக்னிஷன் காயிலுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இன்ஜின் எளிமையானது, எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம். அட்வெஞ்சர் பைக்கில் அதுவும் ஒரு நம்பகத்தன்மைதான்.

ட்ரையம்ஃப் டைகர் 800 திடமான வண்டி. 20,000 கிலோமீட்டர் வால்வு வேலை நடந்ததா என்று மட்டும் பாருங்கள். டுகாட்டி மல்டிஸ்ட்ராடா 1200-ல் டைமிங் பெல்ட் ஓடாவிட்டாலும் வயதாகும்: ஐந்து வருடத்தில் மாற்றியே ஆக வேண்டும். பெல்ட் மாற்றாத குறைந்த ஓட்ட டுகாட்டி, பளபளவென்று நிற்கும் ஒரு கண்ணிவெடி.

ஏர் ஃபில்டர் பெட்டி சொல்லும் உண்மை

அட்வெஞ்சர் பைக்குக்கு மட்டுமே உரிய ஒரு சோதனை இருக்கிறது. வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. சீட்டையோ டாங்கையோ கழட்டி ஏர் ஃபில்டரை வெளியே எடுங்கள். விற்பவர் முகம் சுளித்தால், நீங்களே திரும்ப மாட்டித் தருவதாகச் சொல்லுங்கள். ஃபில்டரின் வெளிப்பக்கம் அழுக்காக இருப்பது ஒன்றுமில்லை. அதன் வேலையே அதுதான். பார்க்க வேண்டியது உள்பக்கம். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஃபில்டருக்குப் பின்னால் இன்ஜினுக்குப் போகும் குழாயின் உட்சுவரில் ஒரு இழு இழுங்கள். லேசான எண்ணெய்ப் பசை வந்தால் நல்லது, அது இன்ஜினின் மூச்சுக் குழாயிலிருந்து வருவது. பவுடர் போல பழுப்புத் தூசி வந்தால், அந்தத் தூசியின் மிச்சம் ஏற்கெனவே இன்ஜினுக்குள் போய்விட்டது. பிஸ்டன் ரிங், சிலிண்டர் சுவர், இன்டேக் வால்வு மூன்றையும் அது உப்புத்தாள் போல அராவியிருக்கும்.

பெட்டியின் அடியில் காய்ந்த சேற்றுக் கோடு தெரிந்தால் வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கியிருக்கிறது. அப்போது ஆயில், ஃபைனல் டிரைவ் ஆயில், சக்கர பேரிங், ஸ்விங் ஆர்ம் பிவட் எல்லாவற்றையும் இரட்டைக் கவனத்தோடு பாருங்கள்.

தூசி சந்தேகம் வந்தால் கம்ப்ரெஷன் (சிலிண்டரின் அழுத்தம்) எடுக்கச் சொல்லுங்கள். எல்லா பிளக்கையும் கழட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்து, பேட்டரி பலமாக இருக்கும்போது எடுக்க வேண்டும். இரட்டை சிலிண்டர் என்றால் இரண்டுக்கும் நடுவே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைவான சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள்: அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. கேஎல்ஆர், டிஆர் போன்றவற்றில் தானியங்கி டீகம்ப்ரெஷன் (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைக்கும் அமைப்பு) இருப்பதால் இந்த எண் குறைவாகவே காட்டும், பயந்துவிடாதீர்கள். அவற்றுக்கு லீக்-டவுன் சோதனைதான் சரி, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல இன்ஜின், 20-ஐத் தாண்டினால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது.

குளிர்ந்த இன்ஜின், மல்டிமீட்டர், ஒரு டார்ச்

நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். வீக்கான பேட்டரி, கேம் செயின் டென்ஷனரின் கடகட, முதல் நிமிடத்து நீலப் புகை எல்லாம் குளிரில்தான் வெளியே வரும். டென்ஷனர் சத்தம் இரண்டு மூன்று விநாடியில் அடங்கினால் பல இன்ஜின்களில் இயல்பு. அடங்காமல் தொடர்ந்தால் இயல்பில்லை.

சாவியைத் திருப்பும்போது டிஸ்ப்ளேயைப் பாருங்கள். ஏபிஎஸ், இன்ஜின் விளக்குகள் முதலில் எரிய வேண்டும். ஏபிஎஸ் விளக்கு வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள்.

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். இன்ஜின் ஓடாமல் நிற்கும் வண்டியில் 12.6-லிருந்து 12.8 வோல்ட். ஸ்டார்ட் செய்து 4,000 ஆர்பிஎம்மில் வைத்தால் 13.8-லிருந்து 14.5. ஹெட்லைட், ஹீட்டட் கிரிப் எல்லாம் போட்டபிறகும் 13.5-க்குக் கீழே இறங்கினால் ஸ்டேட்டரோ ரெகுலேட்டரோ திணறுகிறது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரியையும் சீக்கிரம் கொன்றுவிடும். எது என்று தெரிய, ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று வயரின் கனெக்டரைக் கழட்டுங்கள். பெரும்பாலான வண்டிகளில் இரண்டிரண்டாக அளந்தால் ஒரு ஓமுக்கும் குறைவாக, மூன்று முறையும் ஒரே எண் வர வேண்டும். எந்த வயருக்கும் பாடிக்கும் நடுவே தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் ஸ்டேட்டர் எரிந்தது. கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தால் மீட்டரே தேவையில்லை.

முந்தைய ஓனர் போட்ட ஃபாக் லைட், யூஎஸ்பி, ஹார்ன் இவற்றின் வயரிங்தான் அட்வெஞ்சர் பைக்குகளில் மிக அதிகம் காலை வாருவது; கம்பெனி தவறு இல்லை, பழி மட்டும் கம்பெனிக்கு. ரிலேயும் ஃப்யூஸும் போட்டு, பேட்டரியிலிருந்து தனியாக எடுத்திருந்தால் சரி. ஹெட்லைட் வயரைச் சீவி டேப் சுற்றியிருந்தால், எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு மறுபடி செய்வதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

டார்ச்சை ஃபிரேமில் அடியுங்கள். ஹேண்டில் இரண்டு பக்கமும் முட்டி நிற்கும் ஸ்டாப்பர் வளைந்தோ உடைந்தோ இருந்தால் வண்டி நேராக எங்கோ மோதியிருக்கிறது. பாக்ஸ் மாட்டும் ராக்கும் சப்ஃபிரேமும் சேரும் இடத்தில் பெயின்ட் கோடுபோல் வெடித்திருந்தால் உள்ளே வெல்டிங் விரிசல் இருக்கலாம். கனமான பாக்ஸோடு கரடுமுரடான பாதையில் ஓடிய வண்டியின் அடையாளம் அது. ஸ்கிட் பிளேட்டைக் கழட்டி இன்ஜின் அடியில் எபாக்ஸி ஒட்டிய தடம் இருக்கிறதா பாருங்கள். நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்த கீறல், வளைந்த ஹேண்ட்கார்டு, தேய்ந்த கிராஷ் கார்டு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. இந்த வகை வண்டி விழத்தான் செய்யும். விழாத வண்டி எங்கும் போகாத வண்டி.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தடுக்கினால் கோன் செட் போயிற்று. ஸ்போக்கை ஒவ்வொன்றாக ஸ்பேனரால் தட்டுங்கள். மணிபோல் ஒலிக்காமல் 'தொப்' என்றால் தளர்ந்திருக்கிறது. ரிம்மில் சின்ன நெளிவு ட்யூப் டயருக்குப் பரவாயில்லை, ட்யூப்லெஸ்ஸுக்குக் காற்று நிற்காது. ஃபோர்க் குழாயில் நகத்தை மேலும் கீழும் ஓட்டினால் சிக்கும் இடமெல்லாம் சீலைக் கிழிக்கும். பின்பக்கச் செயினை ஸ்ப்ராக்கெட்டின் கடைசியில் பிடித்து இழுத்தால் பல்லின் பாதி தெரியக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கம் வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஆறு வயதைத் தாண்டிய டயரில் எவ்வளவு பட்டன் இருந்தாலும் மாற்றும் கணக்கில் வையுங்கள்.

ஓட்டமும் காகிதமும்

ஃபேன் ஓடும்வரை வண்டியைச் சூடாக்குங்கள். ஃபேன் ஓடி, அணைந்து, இன்ஜினை நிறுத்தி, உடனே மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகத் தயங்கும் வண்டிக்குப் பின்னால் வால்வோ, பம்போ, சென்சாரோ ஒன்று இருக்கிறது. கடைசி கியரில் 3,000 ஆர்பிஎம்மிலிருந்து முழு த்ராட்டில் கொடுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் நழுவுகிறது. இரண்டாம் கியரில் இறுக்கி விரட்டும்போது கியர் குதித்தால் கியர் பெட்டியைப் பிரித்தாக வேண்டும். அந்த ஒன்றுக்காகவே வண்டியை விடலாம்.

விற்பனைக்கு வரும் நேரமும் ஒரு செய்தி. பெரிய சர்வீஸுக்குச் சற்று முன்னால்தான் பலர் விற்கிறார்கள். வி-ஸ்ட்ராம் 650, ஆப்ரிக்கா ட்வின் இரண்டுக்கும் வால்வு வேலை 24,000-ல், 1190-க்கு 30,000-ல். ஓடோமீட்டர் 23,500 அல்லது 29,000 என்று காட்டினால் அந்த வேலையின் செலவை விலையிலிருந்து கழித்தே பேசுங்கள். ஓட்டம் நம்பும்படி இருக்கிறதா என்பதை ஃபுட்பெக், கியர் லீவர், டிஸ்க்கின் விளிம்பு மூன்றும் சொல்லும். டிஸ்க்கில் குறைந்தபட்ச தடிமன் பொறித்திருப்பார்கள்; 12,000 ஓடிய வண்டியில் டிஸ்க் அந்த அளவை நெருங்கினால் மீட்டர் பொய் சொல்கிறது.

எட்டு வருடத்தில் 6,000 ஓடிய வண்டியா, ஒழுங்கான பில்களோடு 60,000 ஓடியதா என்றால், இரண்டாவதைத்தான் நான் எடுக்கச் சொல்வேன். சும்மா நின்ற வண்டியில் சீல் காய்ந்து, இன்ஜெக்டர் பிசின் பிடித்து, டாங்கின் உள்ளே துரு ஏறி, பிரேக் ஆயில் ஈரம் குடித்திருக்கும். வாங்கிய முதல் ஆயிரம் கிலோமீட்டரில் ஒவ்வொன்றாக வெளியே வரும், அதுவும் ஊரைத் தாண்டியபிறகு.

எது வாங்கினாலும் முதல் நீண்ட பயணத்துக்கு முன் ஆயில், கூலண்ட், டாட் 4 பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாவற்றையும் புதிதாக்கிவிடுங்கள். பழைய ஆயில் ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டி, உள்ளே உள்ள காகிதத்தைப் பிரித்துப் பாருங்கள். மினுக்கும் துகள் இருந்தால் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. பின் சஸ்பென்ஷன் லிங்கேஜைக் கழட்டி கிரீஸ் வையுங்கள். பல வண்டிகள் கம்பெனியிலிருந்தே அங்கே பேருக்குத்தான் கிரீஸோடு வருகின்றன. முந்தைய ஓனர் ஒருமுறையும் தொட்டிருக்க மாட்டார். அந்த மாடலுக்கு நடுவழியில் நிற்க வைக்கும் பாகம் எதுவோ, ரெகுலேட்டரோ பம்போ ஸ்லேவ் சிலிண்டரோ, அதில் ஒன்றை வாங்கி, மாற்றத் தேவையான ஸ்பேனரோடு சேர்த்துச் சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். வீட்டு வாசலில் ஒருமுறை அதைக் கழட்டி மாட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பல வண்டிகளில் டூல் கிட்டில் உள்ள ஸ்பேனர் அந்த போல்ட்டுக்கு எட்டாது.